ஐயாயிரம் ரூபாவும் முப்பது மணித்தியாலமும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாள் போன கிழமை போன் எடுத்து, சுகம் விசாரிக்காமலே விஷயத்துக்கு வந்தார். "உங்கட லிஸ்ட் வந்தது. எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. ஆனா நான் மாசம் ஐயாயிரம்தான் ஒதுக்கலாம். படத்துக்குப் போறதோ, அந்த மாசக் காசு கட்டுறதோ, புத்தகம் வாங்கிறதோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

லிஸ்ட் என்று அவர் சொன்னது, மாதக் கடைசியில் நான் சொந்தக்காரருக்கும் கந்தோர் சிநேகிதிகளுக்கும் அனுப்பும் ஒரு பக்கக் குறிப்பு. அந்த மாதம் படித்ததில், பார்த்ததில் பிடித்தவை மட்டும் அதில் இருக்கும். பிடிக்காதவை என் கொப்பியோடு நிற்கும். மச்சாளின் கேள்வியையே கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை லிப்டுக்குள் வைத்துக் கேட்டாள்: "அக்கா, நெட்பிளிக்ஸ் எடுக்கவா, இல்லாட்டி அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கவா?" ஆறாம் மாடியில் இருந்து கீழே வருவதற்குள் பதில் சொல்லி முடியவில்லை. தொழிலால் கணக்குப் பார்ப்பவள் நான். அதனால் கணக்காகவே எழுதிவிடுகிறேன்.

படங்களின் பெயரோ புத்தகங்களின் பெயரோ இதில் வராது. பெயரைச் சொன்னால் "அதெல்லாம் ஒரு படமா" என்று அந்த இடத்திலேயே நின்றுவிடுவோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் நடக்கிறது.

## எதை வைத்து அளப்பது

விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது முழுச்செலவை. டிக்கெட்டில் போட்டிருக்கும் தொகை வேறு, வீட்டுக்குத் திரும்பி வந்து பேர்ஸைத் திறந்தால் குறைந்திருக்கும் தொகை வேறு.

அடுத்தது நேரம். காலையில் பஸ், பின்னேரம் பஸ், சமையல், பிள்ளையின் டியூஷன் எல்லாம் போக எனக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சும். மாதத்துக்கு முப்பது. காசு போனால் அடுத்த சம்பளத்தில் வரும், இந்த முப்பது திரும்பி வராது. அதனால் படம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதோடு போய்வரும் நேரத்தையும், எதைப் பார்ப்பது என்று தேடும் நேரத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது, யாரோடு. அம்மாவோடு பார்க்க வேண்டியது, மகளோடு பார்க்கக் கூடாதது, தனியே இருந்தால்தான் உள்ளே இறங்குவது என்று மூன்று வகை உண்டு.

இவை எல்லாவற்றையும்விட என் கொப்பியில் கடைசி நிரல்தான் முக்கியம். அதன் தலைப்பு: முடித்தேனா? போன வருடத்துக்கு அந்த நிரலைக் கூட்டிப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தொடங்கிய தொடர்கள் 23, முடித்தவை 9. காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் 19, படித்து முடித்தவை 8. தியேட்டருக்குப் போனது 11 தடவை, இடைவேளையில் எழுந்து வந்தது ஒரேயொரு தடவை. நூலகத்தில் எடுத்தவை 26, முடித்தவை 21.

புத்தகங்களில் ஏறக்குறைய சும்மா கிடைத்ததைத்தான் கூடுதலாக முடித்திருக்கிறேன். காசு கொடுத்தால் அக்கறை வரும் என்று அப்பா சொல்லுவார். என் கொப்பி அப்படிச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் சின்ன விஷயம். நூலகப் புத்தகத்தில் திருப்பிக் கொடுக்கும் திகதி அடித்திருக்கிறது. தியேட்டரில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வாங்கிய புத்தகத்துக்கும் தொடருக்கும் கெடு இல்லை. எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவிடுகிறோம். கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இந்தக் கெடுவைத்தான் முதலில் தேடுகிறேன்.

## தியேட்டர்

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. காலி வீதியில் சவோய் நடந்துபோகிற தூரம், பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிற்றி பஸ்ஸில் சில நிறுத்தங்கள். இன்னும் போனால் கொழும்பு சிற்றி சென்டர், வன் கோல்பேஸ் என்று மோல்களுக்குள் இருக்கும் புதிய அரங்குகள். சென்னையில் வெளியாகும் பெரிய நடிகர்களின் படம் அதே நாளில் இங்கேயும் வந்துவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை நானும் அவரும் மகளும் மோல் தியேட்டருக்குப் போன கணக்கு கொப்பியில் இருக்கிறது. டிக்கெட் தலைக்கு 1,500 வீதம் 4,500. பொப்கோர்ன், குடிக்க ஏதோ, 2,600. ஓட்டோ போகவர 1,200. மொத்தம் 8,300 ரூபா. ஆயிரத்தைந்நூறு ரூபாப் படம் என்று வீட்டில் கிளம்பும்போது சொன்னது, திரும்பி வரும்போது ஆளுக்கு 2,700ஐத் தாண்டியிருந்தது. நேரமும் அப்படித்தான். படம் இரண்டே முக்கால் மணித்தியாலம், வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஐந்து மணித்தியாலம் போயிருந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. புதன்கிழமை பின்னேரம், கந்தோர் முடிந்து தனியே, வீட்டுக்குக் கிட்ட உள்ள தியேட்டர். டிக்கெட் 1,100. படம் தொடங்க முன்னர் வெளியே ஒரு பிளேன்டீயும் இரண்டு ரோல்ஸும் 300. மொத்தம் 1,400, நடந்தே வீடு. இரண்டும் சினிமாவுக்குப் போனதுதான், ஆனால் ஒரே தலைப்பின் கீழ் எழுதக்கூடிய செலவுகள் இல்லை.

கெடு இங்கே இரண்டு இடத்தில் இருக்கிறது. உள்ளே போனால் முடித்துவிட்டுத்தான் வருவோம், போனைக் கையில் எடுத்தால் பின்வரிசையில் இருந்து யாராவது சத்தம் போடுவார்கள். வெளியேயும் கெடு உண்டு: பெரிய நடிகர் இல்லாத படம் ஒரு கிழமைக்கு மேல் நிற்பது அபூர்வம். அடுத்த சனி பார்ப்போம் என்று தள்ளிப்போட்ட மூன்று படங்களைப் போன வருடம் நான் தவறவிட்டேன்.

என்னைக் கேட்டால், சத்தமும் திரையும் சனமும் சேர்ந்தால்தான் நிற்கும் படத்துக்கு மட்டும் குடும்பமாகப் போகலாம். கதாநாயகன் உள்ளே வரும்போது முன்வரிசை எழுந்து நின்று விசிலடிப்பதும் அந்த டிக்கெட்டுக்குள் அடக்கம். அதை வீட்டு சோபாவில் வாங்க முடியாது. மற்றப் படங்களுக்குப் பொறுக்கலாம். பல தமிழ்ப் படங்கள் சில கிழமைகளிலேயே ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. சின்னப் படம் என்றால் மறுவளம்: முதல் கிழமையிலேயே தனியே போய்விடுங்கள், துணைக்கு ஆள் தேடினால் படம் போய்விடும்.

## மாதச் சந்தாத் தளங்கள்

நெட்பிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016 ஜனவரியில். இப்போது கந்தோரில் பாதிப்பேருக்கு மேல் ஏதோவொரு தளத்துக்குக் காசு கட்டுகிறார்கள், மீதிப்பேர் அவர்களிடம் பாஸ்வேர்ட் கேட்கிறார்கள்.

முதல் மறைவுச் செலவு டொலர். மாதம் 8 டொலர் திட்டம் என்று வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது; திட்டம் 1,600 ரூபா. மே மாதம் டொலர் 360 அளவுக்குப் போனது. அதே திட்டம் 2,880 ரூபா. தளம் ஒரு சதமும் கூட்டவில்லை. இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது, 2,400 என்று பிடிக்கலாம். அதற்கு மேல் வங்கி தன் மாற்று விலையையும் கட்டணத்தையும் சேர்க்கும். விளம்பரத்தில் உள்ள தொகையைப் பார்க்காமல் கார்ட் கூற்றில் கடைசியில் விழுந்த தொகையைப் பாருங்கள்.

இரண்டாவது டேட்டா. எச்டி தரத்தில் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்பிளிக்ஸே சொல்கிறது, சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை. முக்கால் மணித்தியாலம் வீதம் எட்டுப் பகுதித் தொடர் ஆறு மணித்தியாலம். எச்டியில் 18 ஜிபி. வீட்டு இணைப்புக்கு ஜிபி கணக்கு இருந்தால் மாதம் முடியும் முன்னரே மகளின் வகுப்புக்கு டேட்டா இல்லாமல் போகும். எங்கள் வீட்டில் போனது. போனில் பார்ப்பவர்கள் டேட்டா சேமிப்பை இயக்கினால் ஒரு ஜிபிக்கு ஆறு மணித்தியாலம் வரை ஓடும். ஆறங்குலத் திரையில் அதற்கு மேல் தெளிவு எனக்குத் தேவைப்படவும் இல்லை.

மூன்றாவது, தேடும் நேரம். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். அவர் ஒன்றைக் காட்டுவார், மகள் வேண்டாம் என்பாள். நான் ஒன்றைச் சொல்வேன், முன்னோட்டம் ஓடும், அம்மா "இதில ஆர் நடிக்கிறது?" என்று கேட்பார். சோறு முடிந்திருக்கும், படம் தொடங்கியிருக்காது. ஒரு மாதம் இந்த நேரத்தை மட்டும் குறித்து வைத்தேன். ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்தது, என் முப்பதில் ஆறில் ஒன்று.

மின்சாரத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதெல்லாம் பழைய கதை என்று இருந்தபோது, 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு நாடு முழுக்க இருண்டது. ஒரு தொடரின் ஏழாம் பகுதியில் கொலைகாரனை நெருங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவனை அந்தக் குரங்குதான் காப்பாற்றியது.

இவ்வளவு சொன்னாலும் நான் சந்தா எடுக்காமல் இல்லை. மலையாளத்திலும் கொரியாவிலும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். காசு கட்டிய அன்றைக்கே இரத்துச் செய்துவிடுவேன். இரத்துச் செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை நெட்பிளிக்ஸில் பார்க்கலாம். அப்படிச் செய்தவுடன் அந்த மாதத்துக்கு ஒரு கடைசித் திகதி வந்துவிடுகிறது, நூலகப் புத்தகம் மாதிரி. பார்க்க வேண்டிய இரண்டு தொடர்களை முதலே கடதாசியில் எழுதிக்கொள்வேன். முடிந்ததும் அடுத்த மாதம் ஒன்றும் இல்லை, அதற்கடுத்த மாதம் வேறு தளம். முடித்த ஒன்பது தொடர்களில் ஏழு இந்த முறைக்கு வந்த பிறகு முடித்தவை.

கைக்குழந்தை உள்ளவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் நடமாட முடியாத பெரியவர் உள்ளவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடியதுதான் வேண்டும். மாதாமாதம் கட்டினாலும் நட்டமில்லை.

## புதுப் புத்தகம்

புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் பூபாலசிங்கம், பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு. கொழும்பில் தமிழ்ப் புத்தகம் தேடுகிற யாரும் இந்த இரண்டு பெயரில் ஒன்றையாவது முதலில் சொல்லுவார்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. அங்கே சிங்கள, ஆங்கிலக் கடைகளின் கடலுக்குள் தமிழ்க் கடைகளைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும், விலைக்கழிவு கிடைக்கும், கால் வலிக்கும்.

இந்தியப் பதிப்புக்கும் நம் பதிப்புக்கும் கணக்கு வேறு. நான் அண்மையில் வாங்கிய ஒரு நாவலின் பின்னட்டையில் 350 இந்திய ரூபா என்று அச்சிட்டிருந்தது, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 1,750. மாற்று விலையை மட்டும் பார்த்தால் 1,225 அளவில்தான் வரும். மீதி கொண்டுவரும் கூலி, கடை வாடகை, விற்காமல் வருடக்கணக்கில் தட்டில் கிடக்கும் மற்றப் பிரதிகளின் சுமை. நானும் கணக்குப் பார்ப்பவள்தான். அந்த விலையைக் கண்டு கோபப்பட முடியவில்லை. முந்நூறு பக்கம், மணித்தியாலத்துக்கு முப்பது பக்கம் என்று படித்தால் பத்து மணித்தியாலம். மணிக்கு 175 ரூபா. பிறகு தங்கச்சி படித்தாள், அவளிடமிருந்து அவளுடைய மாமியார். சினிமா டிக்கெட்டை அப்படிக் கைமாற்ற முடியாது.

நம் எழுத்தாளர்களின் புத்தகம் விலையில் குறைவு. ஆனால் 300, 500 பிரதி அடிப்பார்கள், பல புத்தகங்கள் இரண்டாம் பதிப்பைக் காண்பதில்லை. பிறகு வாங்கலாம் என்ற பேச்சு இங்கே செல்லாது. எனவே இதிலும் ஒரு கெடு இருக்கிறது, வாங்குவதற்கான கெடு. படிப்பதற்கு இல்லை. என் பதினொரு படிக்காத புத்தகங்களில் ஆறு இந்த வகை.

மறைவுச் செலவு என்றால் வெளியீட்டு விழா. கொழும்புத் தமிழ்ச் சங்கத்துச் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் என்று அழைப்பிதழ் வரும். போனால் வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை. இடையில் சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்களை வாசிப்பார்கள். மேடைக்குப் போகும்போது கையில் என்வலப் இருக்க வேண்டும். அதற்குள் புத்தகத்தின் விலையை மட்டும் வைப்பது வழக்கமில்லை. போன முறை அட்டையில் 800 என்று போட்டிருந்த தொகுப்புக்கு நான் 2,000 வைத்தேன். எழுதியவர் எனக்குப் பத்தாம் வகுப்பில் படிப்பித்தவர். 800ஐ நீட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. எழுதியவர் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய காசு பாதியாவது அந்த என்வலப்புகளில் இருந்துதான் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பட்டீஸும் தேத்தண்ணியும் தந்தார்கள். மூன்று மணித்தியாலம். இதை நான் 'புத்தகம்' என்ற தலைப்பில் எழுதுவதில்லை, 'கலியாணம், சாமத்தியவீடு' என்ற தலைப்பில் எழுதுகிறேன்.

வாங்கியே படிக்க வேண்டியவை எவை? கோடு போட்டுப் படிக்க நினைப்பது, திரும்பத் திரும்ப எடுப்பது, கவிதை, பிள்ளைக்குக் கொடுப்பது, மேலே சொன்ன முந்நூறு பிரதிப் புத்தகம். ஒரு தடவை படித்துவிட்டு மூடிவைக்கும் நாவலுக்கு அடுத்த வழியைப் பாருங்கள்.

## நூலகம்

கொழும்பு பொது நூலகம் 1925இல் தொடங்கியது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் இப்போது உள்ள கட்டடம் 1980இல் திறந்தது. மூன்று மொழிகளிலும் புத்தகம் உண்டு. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம். தமிழுக்கு மட்டும் என்றால் நான் முதலில் போவது அங்கேதான். இவை தவிர ஒவ்வொரு மாநகரசபைக்கும் தன் நூலகங்கள் இருக்கின்றன. தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள் அதையும் கேட்டுப்பாருங்கள்.

செலவு அனேகமாக ஒன்றும் இல்லை. ஆனால் முதல் நாள் அலைச்சல் உண்டு. பொது நூலகங்களில் இரவல் அட்டை எடுப்பதென்றால் பொதுவாக அந்த நகரத்தில் இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தமிழரில் எத்தனை பேருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரி, மட்டக்களப்பு முகவரி, நுவரெலியா முகவரி! பத்து வருடம் வெள்ளவத்தையில் இருந்தும் காகிதத்தில் நான் இன்னும் கொக்குவில்தான். வீட்டுக்காரரிடம் கடிதம், தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து என்று இரண்டு கிழமை போனது. லீவு எடுத்த அரை நாளையும் செலவில் சேர்க்க வேண்டும். அதோடு சரி, பிறகு தொல்லை இல்லை.

குறை ஒன்று: இந்த வருடம் வந்த புத்தகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் ஆறுதலாகப் போகலாம் என்று கிளம்பினால் கதவு பூட்டியிருக்கும்.

ஆனால் அந்த ஊதா மையில் அடித்த திகதி இருக்கிறதே. பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டிய துண்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக, சில இடங்களில் கோணலாக, எனக்கு முன்னர் எடுத்தவர்களின் திகதிகள். போன மாதம் எடுத்த மலையகச் சிறுகதைத் தொகுப்பில் எனக்கு முந்தின திகதி ஆறு வருடம் பழையது. ஆறு வருடமாக யாரும் தொடவில்லை என்றால் ஆறுதலாகக் கொடுத்தாலும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. என்றாலும் எனக்கு அந்தத் திகதியைத் தாண்ட மனம் வரவில்லை. கடைசி இரண்டு கதைகளை 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே முடித்தேன், ஒரு கை கம்பியில்.

## பழைய புத்தகம்

மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தையோரம் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். சிங்களமும் ஆங்கிலமும் பாடப் புத்தகமும் குவிந்திருக்கும், தமிழ் அருமை. மூன்று தடவை போனால் ஒரு தடவை கிடைக்கும். அந்த ஒரு தடவைக்காகத்தான் போகிறேன். எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல் ஒன்று எனக்கு அங்கே அகப்பட்டது. உள்ளே ஒரு பாடசாலையின் முத்திரையும், 'பொது அறிவுப் போட்டி, இரண்டாம் பரிசு' என்று அழகான கையெழுத்தும். கடைக்காரர் 500 என்றார், 350க்குத் தந்தார். அதில் இருந்த பூச்சிகளுக்குத் தனிக்காசு கேட்கவில்லை.

பூச்சிதான் இங்கே மறைவுச் செலவு. ஒரு புத்தகத்தில் வந்த பூச்சி முழு அலுமாரியையும் தின்றுவிடும். நான் செய்வது: பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, பிரிட்ஜின் பனிப்பெட்டிக்குள் இரண்டு கிழமை. அம்மா ஒரு நாள் பாரை மீன் என்று நினைத்து வெளியே எடுத்துத் தண்ணீரில் போடப் போனார். நல்ல வேளை, பை கனக்கவில்லை என்று சந்தேகம் வந்தது. தும்மல், இழுப்பு உள்ளவர்கள் இந்த வழிக்கே வரவேண்டாம்.

## சும்மா கிடைப்பவை

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் படமாக ஏற்றியிருக்கிறார்கள். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ்களை நான் அங்கேதான் படிக்கிறேன், கதையோடு அந்தக் காலத்து விளம்பரங்களும் சேர்த்து. பழந்தமிழ் நூல் வேண்டுமானால் 1998இல் இருந்து மதுரைத் திட்டம். குறை, கண். அரை மணித்தியாலத்துக்கு மேல் போன் திரையில் பழைய அச்சைப் படித்தால் நெற்றி இடிக்கும். கெடுவும் இல்லை. எங்கேயும் போகாத நூலகத்தில் எதையும் முடிக்காமல் பக்கம் பக்கமாக மேயலாம். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

கோதே நிறுவனம், அலியான்ஸ் பிரான்சேஸ் மாதிரியான இடங்களில் நடக்கும் திரையிடல்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். யூடியூப்பைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. கள்ளப் பிரதிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: என்வலப்பில் 2,000 வைத்துவிட்டு வந்து அதே புத்தகத்தின் பிடிஎப்பை அனுப்பச் சொல்லிக் கேட்கும் சனத்தையும் எனக்குத் தெரியும்.

## ஒரே பார்வையில்

தொகைகள் என் கொப்பிக் கணக்கு. உங்கள் தியேட்டர், உங்கள் கடை, உங்கள் டேட்டாத் திட்டத்துக்கு மாறும்.

| வழி | கைக்காசு | கண்ணுக்குத் தெரியாதது | கெடு | யாருக்கு |
|---|---|---|---|---|
| தியேட்டர், குடும்பமாக | 8,300 | தீனி, ஓட்டோ, முழுப் பின்னேரம் | உண்டு | திருவிழாப் படத்துக்கு |
| தியேட்டர், தனியே | 1,400 | அனேகமாக இல்லை | உண்டு | ஒரு கிழமையில் போய்விடும் படத்துக்கு |
| மாதச் சந்தா | 2,400 | டொலர், டேட்டா, தேடும் நேரம் | இரத்துச் செய்தால் உண்டு | வீட்டை விட்டு அசைய முடியாதவர்களுக்கு |
| புது இந்தியப் புத்தகம் | 1,750 | அலுமாரியில் தூங்கும் | இல்லை | திரும்ப எடுப்பதற்கு |
| புது ஈழத்துப் புத்தகம் | 800 | என்வலப் | வாங்க மட்டும் | இரண்டாம் பதிப்பு வராததற்கு |
| நூலகம் | மிகக் குறைவு | முதல் நாள் அலைச்சல் | உண்டு | முடிக்க ஆசைப்படுபவர்களுக்கு |
| பழைய புத்தகம் | 350 | பூச்சி, வெறுங்கையோடு வருதல் | இல்லை | அலைய விருப்பமானவர்களுக்கு |

## மச்சாளுக்குச் சொன்னது

ஒன்றைச் சொல்லுங்கோ என்று கேட்டவருக்கு நான் ஒன்றைச் சொல்லவில்லை, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துச் சொன்னேன். முதல் மாதம் ஒரு தளம், 2,400, கட்டிய அன்றே இரத்து. தனியே ஒரு படம், 1,400. நம் புத்தகம் ஒன்று, 800. மொத்தம் 4,600. தொடர் இரண்டுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், படத்துக்கு நாலு, புத்தகத்துக்குப் பத்து. முப்பதில் நாலு மிச்சம். இரண்டாம் மாதம் சந்தா இல்லை. நூலகத்தில் இரண்டு எடுத்து, இந்தியப் புத்தகம் ஒன்று வாங்கி, மீதியைச் சேர்த்து வைத்தால் மூன்றாம் மாதம் பிள்ளைகளோடு ஒரு பெரிய படத்துக்குப் போகலாம். பொப்கோர்னோடு.

"தனியப் படத்துக்கோ?" என்று கேட்டார். அதுதான் அவருக்குப் பெரிய தடையாக இருந்தது, காசு அல்ல. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் தனியே தியேட்டருக்குப் போனதே இல்லையாம். புதன்கிழமை பின்னேரம் பெண்கள் எத்தனையோ பேர் தனியே வருகிறார்கள் என்று சொன்னேன். உண்மையில் நான் கண்டது மூன்று பேர், என்னையும் சேர்த்து.

என்னுடைய போன மாதம் இந்தத் திட்டப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலையகத் தொகுப்பை முடித்தேன், அதுதான் மாதத்திலேயே சிறந்தது. தேயிலைக் கணக்கப்பிள்ளை ஒருவர் நிறுவைத் தராசைப் பார்க்கும் ஒரு கதை, தொழில் காரணமோ தெரியாது, மனதை விட்டுப் போகவில்லை. மலையாளத் தொடர் ஒன்றை முடித்தேன், இரண்டாவதை மூன்றாம் பகுதியில் விட்டேன். தியேட்டரில் பார்த்த படம் சுமார், விசில் நன்றாக இருந்தது. மல்லிகையில் நாலு இதழ். வாங்கிய 1,750 ரூபா நாவல் கட்டிலுக்குப் பக்கத்தில், நாற்பத்தோராம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டோடு கிடக்கிறது.

நேற்று மச்சாள் திரும்ப எடுத்தார். தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்வந்தாராம். படத்துக்கு இன்னும் போகவில்லை. புதனுக்கு நானும் வந்தால் வருவாராம். "அப்ப அது தனியப் போறது இல்லையே மச்சாள்" என்றேன். அதற்குப் பதில் இல்லை. "அந்த வீரகேசரி நாவலைத் தாங்கோவன்" என்றார். தருகிறேன் என்றேன், ஆனால் வியாழன்வரை பொறுக்க வேண்டும். அது இன்னும் மீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.